அடிவானம் தொலைந்த இரவு: 1999-ல் கடலில் விழுந்த பைப்பர் சரட்டோகா

1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்தில் நன்டக்கெட் தீவை நோக்கி ஒரு விமானி பறந்துகொண்டிருந்தார். வழியில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவு கண்ணில் படுகிறதா என்று பார்க்க விமானத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பினார். கோடைக்காலத்து வெள்ளிக்கிழமை, தீவு முழுக்க விளக்குகள் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு விளக்குகூடத் தெரியவில்லை. தீவில் மின்சாரம் போய்விட்டதோ என்று தனக்குத் தோன்றியதாக அவர் பிற்பாடு விசாரணையாளர்களிடம் சொன்னார்.

மின்சாரம் எல்லாம் போகவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. நடுவில் கடல்மேல் படர்ந்திருந்த மூட்டம் அவற்றை மொத்தமாக விழுங்கியிருந்தது. அதே இரவில், அதே தீவை நோக்கி, ஒற்றை எஞ்சின் பைப்பர் சரட்டோகா ஒன்றும் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், அமெரிக்காவின் 35-வது அதிபரின் மகன். உடன் அவருடைய மனைவி கரோலின் பெசெட் கென்னடியும், கரோலினின் அக்கா லாரன் பெசெட்டும் இருந்தார்கள். லாரனைத் தீவில் இறக்கிவிட்டு, மறுநாள் உறவுக்காரப் பெண்ணின் திருமணத்துக்காக மாசசூசெட்ஸ் கரையிலுள்ள ஹயானிஸ் போவதுதான் திட்டம். மூவரும் போய்ச் சேரவில்லை.

அந்தப் பெயரின் காரணமாக இந்த விபத்தைப் பற்றிப் பேச்சு ஏராளம். குடும்பத்தின் மேல் சாபம், மர்மம், சதி என்று என்னென்னவோ சொல்லிவிட்டார்கள். எனக்கு அதிலெல்லாம் ஆர்வம் இல்லை. சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருக்கும் எவருக்கும், வாங்க ஆசைப்படும் எவருக்கும், இதைவிட நெருக்கமாகப் படிக்க வேண்டிய நிகழ்வு இல்லை என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன். விமானம் நன்றாக இருந்தது. எரிபொருள் இருந்தது. சட்டம் அனுமதித்தது. வழி பழகிய வழி. அப்படியும் மூன்று பேர் இறந்தார்கள். எப்படி என்பதுதான் கேள்வி.

அந்தப் பயணம்

நியூஜெர்சியின் எசெக்ஸ் கவுன்ட்டி விமான நிலையத்திலிருந்து இரவு 8:38-க்கு விமானம் கிளம்பியது. சூரியன் மறைந்தது 8:14-க்கு. அதாவது ஏறும்போது வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. இறங்கும் நேரத்தில் முழு இருட்டாகிவிடும். வளர்பிறையின் மெல்லிய நிலா மேற்கே தாழ்வாக, விமானத்தின் முதுகுப்பக்கம் இருந்தது.

5,500 அடி உயரத்தில் கனெக்டிகட் கரையோரமாகப் பறந்தார்கள். இந்தப் பகுதி முழுக்கக் கரையோர ஊர்களின் விளக்குகள் இடப்பக்கம் தெரியக்கூடிய பகுதி. ரோட் தீவு மாநிலத்தின் பாயின்ட் ஜூடித் அருகே வந்ததும் கரையை விட்டுவிட்டுக் கடலைக் குறுக்கே கடக்க விமானம் திரும்பியது. முன்னால் சுமார் 30 மைல் கறுப்புத் தண்ணீர்.

புறப்படுவதற்கு முன் கென்னடி வானிலையைப் பார்த்திருந்தார். வழியிலுள்ள கரையோர விமான நிலையங்கள் 5 முதல் 8 மைல் வரை பார்வைத்தூரம் இருப்பதாகத்தான் அறிவித்தன. அமெரிக்க விதிப்படி அந்த உயரத்தில் கண்ணால் பார்த்துப் பறக்க 3 மைல் இருந்தால் போதும். எனவே சட்டப்படி குறை சொல்ல எதுவும் இல்லை. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதைக் கருவிப்பறத்தல் என்பார்கள்; அமெரிக்காவில் அந்தத் தகுதி இல்லாத தனியார் விமானியும் இரவில் பறக்கலாம். 90 நாட்களுக்குள் இரவில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால் பயணிகளையும் ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். விமான நிலையத்தில் அளக்கும் பார்வைத்தூரம் தரைமட்டத்தில், குறுக்குவாட்டில் அளக்கப்படுவது. அங்கே கட்டடங்களும் விளக்குகளும் இருக்கின்றன. ஐந்து மைல் தள்ளி இருக்கும் விளக்கு தெரிந்தால் ஐந்து மைல். கடலுக்கு மேலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கீழே கறுப்பு, மேலே கறுப்பு, நடுவில் இரண்டையும் குழைத்துவிடும் மூட்டம். "பார்வைத்தூரம் 8 மைல்" என்ற அறிக்கை கையில் இருக்கலாம். ஆனால் விமானி சமநிலையைப் பிடித்துக்கொள்ள நம்பியிருப்பது அடிவானக் கோட்டை. அந்தக் கோடு இல்லை. அன்றிரவு அதே பகுதியில் பறந்த மற்ற விமானிகளும் தண்ணீருக்கு மேல் அடிவானம் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். சட்டம் கேட்பது மைல்கணக்கை. உடம்புக்கு வேண்டியது அடிவானம். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ளாமல் இரவில் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது.

காது சொல்லும் பொய்

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் குழல் உடனே திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் மூளை "திரும்புகிறோம்" என்று படித்துக்கொள்கிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் 10, 20 விநாடிகளில் திரவமும் அதே வேகத்தைப் பிடித்துவிடும். வித்தியாசம் மறைந்துவிடும். விமானம் இன்னும் சாய்ந்து வளைந்துகொண்டிருக்கும், உடம்போ நேராகப் போகிறோம் என்று அடித்துச் சொல்லும். இன்னொரு தொல்லையும் உண்டு: மிக மெதுவாகத் தொடங்கும் சாய்வைக் காது கவனிப்பதே இல்லை.

இப்போது விமானி சாய்வைச் சரிசெய்து இறக்கைகளைச் சமப்படுத்தினால், உடம்புக்கு அது எதிர்ப்பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். உடம்பை நம்பினால் மறுபடியும் பழைய சாய்வுக்கே கொண்டுபோய்விடுவார். சாய்ந்த விமானம் மூக்கைத் தாழ்த்தும், வேகம் கூடும், உயரம் குறையும். உயரம் குறைவதைப் பார்த்து விமானி கட்டுப்பாட்டை இழுப்பார். இறக்கைகள் சாய்ந்திருக்கும்போது இழுத்தால் விமானம் ஏறாது. சுழல்தான் இன்னும் இறுகும். விமானிகள் இதைச் சுடுகாட்டுச் சுழல் என்றே அழைக்கிறார்கள்.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிப்பறத்தல் பயிற்சி இல்லாத 20 பேரை ஒரு போனான்ஸா விமானத்தில் ஏற்றி, மேகத்துக்குள் போனால் எப்படியிருக்குமோ அப்படி வெளிப்பார்வையை மறைத்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். 19 பேர் சுழலுக்குள் போனார்கள், ஒருவர் மூக்கைத் தூக்கித் தூக்கித் தூக்குவிசையை இழந்தார். சராசரியாக அவர்கள் தாக்குப்பிடித்தது 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், அந்தச் சோதனையின் நோக்கமே பயமுறுத்துவது இல்லை. பாதி வட்டம் திரும்பி வந்த வழியே வெளியேறும் எளிய முறையைக் கற்றுக்கொடுக்கத்தான் அதை வடிவமைத்தார்கள். பயிற்சிக்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லோராலும் அதைச் செய்ய முடிந்தது.

கடைசி ஏழு நிமிடம்

தீவுக்குச் சுமார் 34 மைல் மேற்கே, 5,500 அடியிலிருந்து விமானம் இறங்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 400 முதல் 800 அடி; ஒழுங்கான இறக்கம். ரேடார் பதிவில் இதுவரை பதற்றத்தின் சுவடே இல்லை.

கரைக்கு ஏழு மைல் இருக்கும்போது, 9:38 மணியளவில், விமானம் வலப்பக்கம் திரும்பியது. தீவைவிட்டு விலகி, திறந்த கடலை நோக்கி. 2,200 அடியில் இறக்கம் நின்றது. பிறகு 2,600 அடிக்கு ஏறியது. ஏறி, இடப்பக்கம் திரும்பியது. அந்தத் திருப்பத்திலேயே மறுபடி இறங்கத் தொடங்கி நிமிடத்துக்கு 900 அடியை எட்டியது. கிழக்கு நோக்கி வந்தபோது திருப்பம் கொஞ்ச நேரம் நின்றது. 9:40:15-க்கு, இறங்கிக்கொண்டிருக்கும்போதே, மறுபடியும் வலப்பக்கம் திரும்பியது. இந்த முறை சாய்வும் வேகமும் இறக்கமும் மூன்றும் சேர்ந்து கூடின. நிமிடத்துக்கு 4,700 அடியைத் தாண்டியது. 9:40:34-க்குக் கடைசி ரேடார் புள்ளி, 1,100 அடியில். அந்த வேகத்தில் 1,100 அடி என்பது பதினான்கு விநாடி.

இந்த வரிசையைப் பல தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என்னை நிறுத்துவது அந்த 2,200 அடி. இறக்கத்தை நிறுத்தியிருக்கிறார். ஏறியிருக்கிறார். ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும் என்றுதான் நான் படிக்கிறேன். அந்த நொடியில் இறக்கைகளைச் சமமாக வைத்து, செயற்கை அடிவானம் காட்டும் கருவியை மட்டும் பார்த்துக்கொண்டு, வேறெதையும் தேடாமல் ஏறிக்கொண்டே போயிருந்தால் நேரம் இருந்திருக்கும்.

உடைந்த பாகங்களைக் கடலுக்கடியிலிருந்து எடுத்து ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மோதலுக்கு முன் விமானத்தின் உடற்பகுதியிலோ எஞ்சினிலோ கருவிகளிலோ எந்தக் கோளாறும் ஏற்பட்டதற்கான தடயம் இல்லை என்று 2000-ல் அறிவித்தது. இரவில் தண்ணீருக்கு மேல் இறங்கும்போது திசை, சாய்வு உணர்வு குழம்பி விமானி கட்டுப்பாட்டை இழந்ததே காரணம். மூட்டமும் இருண்ட இரவும் துணைக்காரணங்கள். அவ்வளவுதான் தீர்ப்பு.

ஓட்டியவரின் கணக்கு

கென்னடியைப் பொறுப்பற்ற பணக்காரப் பிள்ளை என்று எழுதியவர்கள் உண்டு. ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர் மொத்தம் சுமார் 310 மணி நேரம் பறந்தவர். அதில் 55 மணி இரவு. 15 மாதங்களில் இந்தப் பகுதிக்குப் போக, வர சுமார் 35 தடவை பறந்திருந்தார். கருவிப்பறத்தல் படிப்பில் சேர்ந்து பாதியை முடித்திருந்தார். கற்றுக்கொள்ள முயன்றவர், பயிற்றுநர்களை அடிக்கடி கூட்டிப்போனவர்.

சரி, அப்படியானால் இடைவெளி எங்கே? விமானத்தில். முன்பு அவரிடம் இருந்தது செஸ்னா 182. சரட்டோகாவோ 300 குதிரைத்திறன், ஆறு இருக்கை, உள்ளே மடங்கும் சக்கரங்கள். வேகமானது, வழுக்கிக்கொண்டு போவது, மூக்கு தாழ்ந்தால் வேகத்தை மளமளவென்று சேர்த்துக்கொள்வது. அதை வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதில் அவர் பறந்தது சுமார் 36 மணி நேரம். இரவில் 9.4 மணி. பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் பறந்தது? சுமார் 3 மணி நேரம். அதில் இரவில் 0.8 மணி. ஒரு மணி நேரம்கூட இல்லை.

310 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால் அனுபவம் போதும்போலத் தெரிகிறது. 0.8 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால், அன்றிரவு அவர் செய்யப்போனது அவருக்கு ஏறக்குறைய முதல்முறை. விமானம் மாற்றும் ஒவ்வொரு உரிமையாளரும் தன் பதிவேட்டில் இந்தச் சிறிய எண்ணைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்: இந்த விமானத்தில், இந்த மாதிரி நிலைமையில், தனியாக எத்தனை மணி?

ஜூலை 1-ம் தேதி அவர் இதே தீவுக்கு இரவில் போயிருக்கிறார், பயிற்றுநரோடு. ஜூன் தொடக்கத்தில் கணுக்கால் முறிந்து அறுவைசிகிச்சை ஆகியிருந்ததால், தரையில் விமானத்தை நகர்த்தவும் இறக்கவும் பயிற்றுநர் உதவ வேண்டியிருந்தது. ஜூலை 16-க்குள் கால் ஓரளவு தேறியிருந்தது, ஊன்றுகோல் வைத்திருந்தார். ஆனால் முக்கியமான விஷயம் கால் இல்லை. ஒரு பயிற்றுநர் சொன்னது இதுதான்: அடிவானம் தெரியாமல் விமானத்தை ஓட்டும் திறமை அவருக்கு இருந்தது, ஆனால் அதோடு வேறு வேலைகளும் சேர்ந்தால் திணறியிருக்கலாம். கரையை நெருங்கி இறங்கும் நேரம் அப்படிப்பட்ட நேரம்தான். ரேடியோவில் அலைவரிசை மாற்றவேண்டும், எஞ்சின் சக்தியைக் குறைக்கவேண்டும், ஓடுதளம் எங்கே என்று தேடவேண்டும். ஒவ்வொரு முறை தலையைக் குனிந்து நிமிரும்போதும் காதுக்குள் திரவம் கலங்கும்.

அன்று ஒரு பயிற்றுநர் கூடவே வருவதாகச் சொல்லியிருக்கிறார். தனியாகவே செய்ய விரும்புவதாகக் கென்னடி பதில் சொன்னார். அந்த ஆசையை என்னால் குறை சொல்ல முடியவில்லை. பறக்கக் கற்கும் எல்லோருக்கும் அது வரும். வராவிட்டால் யாரும் விமானியாகவே ஆக முடியாது. ஆனால் அதை நிறைவேற்றிக்கொள்ள நிலா நிறைந்த, தெளிந்த, கரையோர இரவு ஒன்றை அவர் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

உரிமையாளர் என்றால் யார்

பெரிய விமான நிறுவனத்தில் ஒருவர் பயணத்தைத் திட்டமிடுவார், ஒருவர் வானிலையைப் பார்ப்பார், காக்பிட்டில் இரண்டாவது விமானி இருப்பார், "இதற்குக் கீழே போனால் பறக்காதே" என்று எழுதிவைத்த கையேடு இருக்கும். சொந்த விமானத்தில் இந்த நான்கும் ஒரே ஆள். அவரே மாப்பிள்ளை, அவரே புரோகிதர். வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை. பின்னிருக்கையில் காத்திருக்கும் சொந்தங்கள், மறுநாள் திருமணம், இருட்டிக்கொண்டு வரும் வானம். எல்லாம் ஒரே திசையில் தள்ளும்.

அதனால்தான் எல்லைகளை நிதானமாக இருக்கும் நாளில் எழுதிவைக்க வேண்டும் என்பேன். சட்டத்தின் எல்லையை அல்ல, தன் எல்லையை. உதாரணமாக: கருவிப்பறத்தல் தகுதி வரும்வரை இரவில் நீண்ட தண்ணீர்ப்பரப்பைக் கடப்பதில்லை. புது விமானத்தில் இத்தனை மணி நேரம் முடியும்வரை இரவுப் பயணம் பயிற்றுநரோடு மட்டும். சூரியன் மறைவதற்குள் சக்கரம் தரையைத் தொடாது என்று தெரிந்தால் மறுநாள் காலை. எழுதிய தாள் விமானப்பைக்குள் இருந்தால், வீட்டாரிடம் "நான் வரவில்லை என்று சொல்லவில்லை, விதி அப்படி" என்று சொல்லிக்கொள்ளவாவது வழியிருக்கும். அற்பமாகத் தெரியலாம். உண்மையில் பெரிய உதவி.

வழியையும் மாற்றியிருக்கலாம். வரைபடத்தைப் பாருங்கள்: கரையை விடாமல் மாசசூசெட்ஸ் வரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போய், வுட்ஸ் ஹோல் அருகில் கடந்தால் தீவுக்கு நடுவே இருப்பது சில மைல் தண்ணீர்தான். கூடுதலாக ஆவது கொஞ்ச நேரம். இல்லையென்றால் உயரத்தைக் குறைக்காமலே தீவின் மேல் வந்து, ஓடுதள விளக்குகளைக் கண்ணில் பிடித்த பிறகு அதன் மேலேயே சுற்றி இறங்கலாம். இருட்டான கடலுக்கு மேல் உயரத்தை விட்டுக்கொடுப்பதற்கு இதெல்லாம் மேல்.

விமானத்தில் உயரத்தையும் திசையையும் பிடித்துக்கொள்ளக்கூடிய ஆட்டோபைலட் இருந்தது. ஆட்டோபைலட்டை வசதி என்று நினைத்து வாங்குபவர்கள்தான் அதிகம். தனியாகப் பறப்பவருக்கு அது இரண்டாவது விமானி. காதில் திரவம் கிடையாத விமானி. மூட்டத்தில் குழம்பிப்போனவர் செய்யக்கூடிய மிக நல்ல காரியம், சாய்வு கட்டுக்குள் இருக்கும்போதே அதன் கையில் விமானத்தைக் கொடுப்பது. இன்றைய பல ஆட்டோபைலட்களில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் இறக்கைகளைச் சமன்செய்து நேராக நிறுத்தும் வசதியே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பொத்தானைத் தேடாமல் தொடுமளவு கை பழகியிருக்க வேண்டும். பகலில், பயிற்றுநரோடு, கண்ணை மூடிக்கொண்டு எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்?

அப்புறம் ரேடியோ. எசெக்ஸ் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை விட்டபிறகு கென்னடி எந்தக் கட்டுப்பாட்டாளரிடமும் பேசியதாகப் பதிவு இல்லை. பறக்கப்போகும் வழியைச் சொல்லும் விமானத்திட்டமும் பதிவு செய்யவில்லை. சட்டப்படி இரண்டும் கட்டாயமில்லை. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் அருகே இறங்கிக்கொண்டிருந்த ஒரு பயணிகள் விமானத்தின் மோதல் எச்சரிக்கைக் கருவி இவருடைய விமானத்தைக் கண்டு குரல் கொடுத்தது. அவர்கள்தான் கட்டுப்பாட்டாளரிடம் பேசினார்கள், இவர் அந்த அலைவரிசையில் இல்லை. கட்டுப்பாட்டாளர் தொடர்ந்து கவனிக்கும் சேவையைக் கேட்டிருந்தால், கடலுக்கு மேல் "எனக்கு அடிவானம் தெரியவில்லை" என்று சொல்ல ஒரு காது இருந்திருக்கும். இறக்கைகளைச் சமமாக வை, இந்தத் திசையில் போ என்று சொல்ல ஒரு குரலும் இருந்திருக்கும். அது கிடைக்காததன் இன்னொரு விளைவு: விமானம் காணாமல் போனதை அமைப்பு தானாகக் கவனிக்கவில்லை. அதிகாலை 2:15 மணிக்குக் குடும்ப நண்பர் ஒருவர் கடலோரக் காவல்படைக்குத் தொலைபேசியில் சொன்னபோதுதான் தேடல் நிஜமாகவே தொடங்கியது. சிதைவு கிடைத்தது ஜூலை 20-ம் தேதி இரவு, சுமார் 120 அடி ஆழத்தில்.

அந்த மாலையில் எசெக்ஸ் விமான நிலையத்திலிருந்து மார்த்தாஸ் வின்யார்டுக்குப் போக இருந்த இன்னொரு தனியார் விமானியும் இருந்தார். அதே ஓடுதளம், அதே தீவு, அதே வானிலை அறிக்கை. மூட்டத்தைப் பார்த்தார், இன்று வேண்டாம் என்று முடிவு செய்தார், விமானத்தை நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.